நோயும் இருக்கிறது, குழந்தையும் இப்போது வேண்டாம்: எந்த முறை பொருந்தும்?

பி.பி. மாத்திரை, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. மாலா-டி என்ற கர்ப்பத்தடை மாத்திரை அட்டை, சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. இரண்டையும் சாப்பிடுவது ஒரே பெண்தான் என்பது மாத்திரை கொண்டுவருபவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. சுகர் டாக்டர் சுகரைப் பார்க்கிறார், மகப்பேறு டாக்டர் கர்ப்பப்பையைப் பார்க்கிறார். ஒருவர் கொடுத்ததை இன்னொருவரிடம் சொல்லும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால் சொல்லிவிடுவார். அது யாரும் சொல்லிக்கொடுக்காத பாடமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 1996 முதல் இதற்கென்றே ஒரு பட்டியல் வெளியிட்டுத் திருத்தி வருகிறது. ஒரு பக்கம் நோய்கள், இன்னொரு பக்கம் கர்ப்பத்தடை முறைகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 1 முதல் 4 வரை ஓர் எண். 1 என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 2 என்றால் நன்மையே அதிகம், கவனித்துக்கொண்டால் போதும். 3 என்றால் வேறு வழி இருக்கும்வரை வேண்டாம். 4 என்றால் கூடவே கூடாது. இந்த எண் நோய்க்குத் தரப்படுவதும் இல்லை, பெண்ணுக்குத் தரப்படுவதும் இல்லை. நோயும் முறையும் சேரும் ஜோடிக்குத் தரப்படுகிறது. மாலா-டிக்கு 4 வாங்கிய அதே பெண்ணுக்கு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி 1 ஆக இருக்கலாம். "உனக்கு இதெல்லாம் ஒத்துக்காதும்மா" என்று யாராவது சொன்னால், "எது ஒத்துக்காது, எது ஒத்துக்கும்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

பட்டியலில் 3, 4 என்று விழும் கட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது ஈஸ்ட்ரோஜன். மாலா-டி, அரசு இலவசமாகத் தரும் மாலா-என் இரண்டு அட்டையிலும் 28 மாத்திரைகள் இருக்கும். 21 வெள்ளை, 7 பழுப்பு. பழுப்பு நிறத்தவை வெறும் இரும்புச்சத்து. வெள்ளை ஒவ்வொன்றிலும் ஈஸ்ட்ரோஜன், புரோஜஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள். ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கிறது. ஆரோக்கியமான பெண்ணுக்கு இது பெரிய விஷயம் இல்லை. கர்ப்பமும் இல்லாமல், மாத்திரையும் சாப்பிடாமல் இருக்கும் 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர். மாத்திரையைக் கண்டு பயப்படுகிறவர்கள் கடைசி எண்ணை இன்னொரு முறை பார்க்கலாம். ஆனால் ரத்தக்குழாய் ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பி.பி. அப்படிப்பட்டது. மேல் அளவு 140ஐயோ கீழ் அளவு 90ஐயோ தொட்டாலே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 3க்குப் போய்விடுகிறது. 160/100 என்றால் 4. பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பி.பி. மாத்திரை சாப்பிட்டு அளவு 120/80க்கு இறங்கியிருந்தாலும் அது 3தான். பி.பி. கட்டுப்பாட்டில் இருக்கிறதே தவிர, போய்விடவில்லை. இவர்களுக்குக் காப்பர் டி எந்தத் தடையும் இல்லாமல் பொருந்தும். புரோஜஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையும் பெரும்பாலும் பொருந்தும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி 160/100க்குக் கீழே இருப்பவர்களுக்குச் சரி. முதல் அட்டையைத் தொடங்குமுன் ஒரு முறை பி.பி. பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் மாத்திரை வாங்க வேண்டாம்.

அடுத்தது தலைவலி. ஒற்றைத் தலைவலி என்று எல்லாத் தலைவலியையும் சொல்லிவிடுகிறோம், அதனால் கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போகிறது. கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இப்படிக் கேட்டால் போதும்: "அக்கா, தலைவலி வர்றதுக்கு முன்னாடி கண்ணு முன்னால ஏதாவது மின்னுதா? கோடு கோடா, பல்லுப் பல்லா?" "ஆமாம்மா, வாள் பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மின்னும். கொஞ்ச நேரம் பாதி எழுத்து தெரியாது. அப்புறந்தான் மண்டையைப் பிளக்கும்." இந்தப் பதில் வந்தால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 4, எந்த வயதாக இருந்தாலும். பக்கவாதத்தின் ஆபத்து அங்கே பல மடங்கு கூடுகிறது. மின்னல் எதுவும் இல்லாத ஒற்றைத் தலைவலி என்றால் 35 வயதுக்குள் தொடங்கலாம். தலைவலி அதிகமானால் நிறுத்த வேண்டும். முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள், 35 தாண்டியும் புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டாம்.

ஈஸ்ட்ரோஜன் எப்போதும் 'கர்ப்பத்தடை மாத்திரை' என்ற பெயரில் வருவதும் இல்லை. பி.சி.ஓ.டி. உள்ள பெண்ணுக்கு "பீரியட்ஸ் ஒழுங்காக வர" என்று 21 நாள் அட்டை எழுதிக்கொடுப்பார்கள். அதுவும் பெரும்பாலும் இதே கலவைதான். ஆனால் வேறொரு டாக்டர் "கர்ப்பத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், கல்யாணமாகாத அந்தப் பெண் பதறிப்போய் இல்லை என்பாள். பொய் சொல்லவில்லை, அவளிடம் யாரும் சொல்லவில்லை. பி.சி.ஓ.டி.க்கு அந்த மாத்திரை நல்ல மருந்துதான், எடையும் பி.பி.யும் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரை இன்னொன்று. அதில் இருப்பது நோரெதிஸ்டிரோன். ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை சாப்பிடும் அளவில், அதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு ரத்தம் உறைந்தவர்கள் இதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தள்ளிப்போடச் சாப்பிடும் அந்தச் சில நாட்களில் அது கர்ப்பத்தைத் தடுக்கும் என்றும் நம்ப வேண்டாம்.

இதுவரை சொன்னது முறை நோயைக் கெடுக்கும் கதை. நோய்க்கான மருந்து முறையைக் கெடுக்கும் கதை இன்னொன்று, எனக்கு இதுதான் அதிகக் கவலை தருவது. காரணம், இதில் உடம்பு பெரும்பாலும் தெளிவான அறிகுறி காட்டாது. பலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போன பிறகுதான் தெரியும்.

டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன் எல்லாம் கல்லீரலை இரண்டு ஷிப்ட் வேலை செய்ய வைக்கும் மேஸ்திரிகள். வந்த சரக்கை எல்லாம் வேகவேகமாக உடைத்து வெளியே தள்ளுவதில் கர்ப்பத்தடை ஹார்மோனும் போய்விடுகிறது. ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்கியும் ரத்தத்தில் அளவு போதாமல் கர்ப்பம் தங்குகிறது. டி.பி. மருந்து சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்றால் ரிஃபாம்பிசின் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். டி.பி. மருந்து முடிந்த பிறகும் நான்கு வாரம் அந்த வேகம் அடங்காது. இந்தக் காலத்துக்கு அந்தரா ஊசியோ காப்பர் டியோ சரியாக இருக்கும். இரண்டின் வேலையையும் இந்த மருந்துகள் குலைப்பதில்லை. டி.பி. கர்ப்பப்பையையோ குழாயையோ தாக்கியிருந்தால் மட்டும் காப்பர் டி போடக்கூடாது. சளி, காய்ச்சலுக்குத் தரும் அமாக்சிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்குகள் இந்தக் கணக்கில் வராது. வாந்தியோ பேதியோ வந்து மாத்திரை உடம்பில் தங்காமல் போனால்தான் பிரச்சினை.

வலிப்பு மருந்தில் லாமோட்ரிஜின் மட்டும் தலைகீழ். அங்கே கர்ப்பத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் போய் லாமோட்ரிஜினைக் குறைத்துவிடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். சோடியம் வால்புரோயேட் கர்ப்பத்தடை மாத்திரையின் வேலையைக் குலைப்பதில்லை. ஆனால் அந்த மருந்து கருவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும் என்பதால், அதைச் சாப்பிடும் பெண்ணுக்கு நம்பகமான கர்ப்பத்தடை மற்ற எவரையும்விட அவசியம். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், பி.பி.க்குச் சாதாரணமாகத் தரும் டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் எல்லாம் கருவைப் பாதிக்கக்கூடியவையே. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்யும்போது மாற்று மருந்து தருவார்கள். அதுவரை தற்செயலாகக் கர்ப்பம் தங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய பெண்கள் நம் ஊரில் இன்னும் நிறைய. இவர்களுக்குக் கர்ப்பமே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருந்தாலோ இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போயிருந்தாலோ ஈஸ்ட்ரோஜன் 4. காப்பர் டி போடலாம், வசதியுள்ள பெரிய மருத்துவமனையில். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும், காப்பர் டி அதை இன்னும் கூட்டும். ஹார்மோன் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம், பலர் மிரெனா என்று பிராண்ட் பெயரிலேயே சொல்வது, ரத்தப்போக்கைக் குறைத்துக் கர்ப்பத்தையும் தடுக்கும். விலைதான் தனியாரில் சில ஆயிரங்களைத் தொடும். ரத்தசோகை உள்ளவர்களுக்கும் இதே தர்க்கம்: காப்பர் டி தடையில்லை, ஆனால் முதல் சில மாதங்கள் போக்கு கூடும், இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்தே தொடங்க வேண்டும்.

சுகர் உள்ளவர்கள் பலர் எல்லா ஹார்மோனும் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண், சிறுநீரகம், நரம்பு எதுவும் பாதிக்கப்படாதவரை எந்த முறையும் பொருந்தும். பாதிப்பு வந்துவிட்டாலோ, சுகர் வந்து 20 ஆண்டு ஆகிவிட்டாலோ ஈஸ்ட்ரோஜனும் அந்தராவும் வேண்டாம். கர்ப்பகாலத்தில் மட்டும் வந்து போன சுகருக்கு எதுவும் தடையில்லை. தைராய்டுக்கும் தடையில்லை; ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் டி.எஸ்.ஹெச். பார்த்துத் தைராய்டு மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ளலாம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஹார்மோன் எந்த வடிவத்திலும் கூடாது, காப்பர் டியும் ஆணுறையும்தான். லூபஸ் நோயில் ரத்தம் உறையவைக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று சோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் 'சாயா' என்ற மாத்திரை உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஹார்மோன் இல்லை என்பதால் எல்லோருக்கும் ஏற்றது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பி.சி.ஓ.டி., அண்மையில் வந்த மஞ்சள்காமாலை, டி.பி., சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். பிரசவமான புதிதில் ரத்தம் உறையும் வாய்ப்பு உச்சத்தில் இருப்பதால், பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குள்ளும், கொடுக்காதவர்கள் மூன்று வாரத்துக்குள்ளும் (உறையும் ஆபத்து கூடுதலாக இருந்தால் அவர்களும் ஆறு வாரம்) ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நினைக்கவே கூடாது. பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் காத்திருப்பது நல்லது. பிரசவ அறையிலேயே காப்பர் டி போட்டுவிடலாம், ஆனால் வலி எடுக்குமுன் பெண்ணிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகு. கேட்காமல் போட்ட காப்பர் டியால்தான் அதன் மீது இத்தனை கசப்பு.

குழந்தைகள் போதும் என்றால் ஆபரேஷன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம். வால்வு நோய் உள்ள மனைவியை மயக்கமருந்துக்கு ஆயத்தப்படுத்துவதைவிட, ஆரோக்கியமான கணவருக்குத் தழும்பில்லா வாசெக்டமி எத்தனையோ எளிது. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடத்தில் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். உடனே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறையோ வேறு முறையோ சேர்த்துப் பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியான பிறகே நம்ப வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆணிடம் இந்தப் பேச்சை எடுக்காத டாக்டர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

டாக்டரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, பீரியட்ஸ் மாத்திரை, தள்ளிப்போடும் மாத்திரை உட்பட. பெயர் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது. மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்தாலோ, மூச்சு இழுக்கும்போது மார்பு குத்தினாலோ, இதுவரை வராத கடுமையான தலைவலியோ திடீர்ப் பார்வை மங்கலோ வந்தாலோ, மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய், கேட்காவிட்டாலும் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "நான் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன்."