உங்களுக்குத் தெரியுமா? துருவ ஒளிக்குக் கீழே யாழ்ப்பாணத்தார்

துருவ ஒளியைக் காண உலகெங்கும் இருந்து பெருஞ்செலவு செய்து ஆர்க்டிக் பக்கம் போகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெடியள் பலருக்கோ அது வேலைக்குப் போகும் வழியில் தெரிந்த வானம். 1980களில் வட நோர்வேயின் பின்மார்க் கரையோர மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் அவர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் அங்கே ஜனவரி நடுப்பகுதி கழிந்துதான் தலைகாட்டும்; வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு நீண்ட இரவாக இருந்திருக்கும்! அவர்களுக்கு முன்னோடி, 1956இலேயே நோர்வே போன அந்தோனி ராஜேந்திரம். பிறகு யாழ்ப்பாணத்தில் 'சீநோர்' மீன்பிடித் திட்டம் உருவாகக் காரணமானவரும் அவரே.

துருவ ஒளியின் பச்சை நிறம், சூரியனால் தூண்டப்பட்ட துகள்கள் 100 கிலோமீற்றருக்கும் மேலே ஒட்சிசன் அணுக்களில் மோதுவதால் வருவது. நம் ஊரில் ஏன் இல்லை? காந்த ஊசியொன்றை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். பின்மார்க்கில் அதன் முனை தரையை நோக்கிச் சரிந்துவிடும். அந்த ஊசி காட்டுவது பூமியின் காந்தக் கோடுகளின் திசையை; துகள்கள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்குகின்றன. நம் தலைக்கு மேலே கோடுகள் படுத்துக் கிடப்பதால் துகள்களுக்கு இறங்க வழியில்லை.

ஆனாலும் 1872 பெப்ரவரி 4ஆம் திகதி வீசிய பெரும் சூரியப் புயலில் பம்பாய் வரைக்கும் துருவ ஒளி தெரிந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மெல்லிய ஒளி வெறுங்கண்ணுக்குச் சாம்பல் முகில் போலத்தான் இருக்கும். கமராவில் பாருங்கள், பச்சை தெரியும். மேலதிக பற்றரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.