தொண்டை வலிதானே என்று இருந்துவிடாதீர்கள்!

தாய்மார்களே, பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள், கிளினிக்கில் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருந்து, கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முட்டியும் கணுக்காலும் மாறி மாறி வீங்கும். இதுதான் வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள்தான் அதிகம் வரும். வீக்கம் வடிந்துவிடும், இருதய வால்வில் விழுந்த தழும்போ போகாது.

வால்வு, இரத்தத்தை ஒரே பக்கம் போகவிடும் கதவு. கதவு சுருங்கினாலும் ஒழுகினாலும் பின்னாளில் மேடு ஏற மூச்சு வாங்கும், கால் வீங்கும். இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். கர்ப்பிணிக்கு உயிருக்கே ஆபத்து.

டாக்டர் பென்சிலின் கொடுத்தால், வலி நின்றாலும் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஓர் ஊசி, பல வருஷம் போடவேண்டும். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ குடிபோனாலும் கிளினிக் கார்டை மறக்காதீர்கள். வீடு மாறலாம், ஊசி நிற்கக்கூடாது!