நாற்பத்தேழு ஆண்டு காத்திருந்த மாத்திரை

தென் ஐரோப்பாவின் மலைப்பகுதிகளில் வளரும் லபர்னம் என்னும் சிறுமரம், நம் சரக்கொன்றையைப் போலவே பொன்மஞ்சள் பூக்களைச் சரஞ்சரமாய்த் தொங்கவிடும். அழகுக்காக அதனைத் தோட்டத்தில் வளர்ப்போர், விதையைக் குழந்தைகள் வாயில் போட்டுவிடாமல் காத்தும் வருவர். அதில் சைட்டிசின் என்னும் நச்சு உண்டு. (பூ ஒத்திருக்கிறதே என்று எவரும் கொன்றை விதையை மென்று பார்க்க வேண்டா, அது வேறு, இது வேறு.) 1912-இல் ஹென்றி டேல், பேட்ரிக் லெய்ட்லா என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் சைட்டிசினை ஆராய்ந்தனர். உடலில் அது செய்யும் வேலை நிக்கோட்டினின் வேலையைப் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டனர். இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிட்டாத படைவீரர் சிலர் லபர்னம் இலையைச் சுருட்டிப் புகைத்தனர் என்பர். தேவை அவர்களுக்கு வேதியியலைக் கற்பித்திருக்கிறது.

1964-இல் பல்கேரியா அந்த நஞ்சை அளவறிந்து மாத்திரையாக்கி, புகைவிட விரும்புவோருக்கு உரிய மருந்தாக டேபெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. புகைவிட உதவும் நிக்கோட்டின் மெல்பசைக்குச் சுவிட்சர்லாந்தில் இசைவு கிடைத்ததோ 1978-இல்தான். ஆயினும் மேலை நாடுகளின் மருத்துவர் பலர் டேபெக்ஸின் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. ஐரோப்பாவை இரு கூறாக்கிய அரசியல் ஒரு காரணம். அதனினும் வலிய காரணம், அம்மருந்துக்கு ஆதரவாகக் காட்டப்பட்ட ஆய்வுகளின் நிலை. பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு இல்லை. சில மாதங்களுக்குமேல் எவரையும் பின்தொடரவில்லை. ‘விட்டுவிட்டேன்’ என்ற வாய்ச்சொல்லே சான்றாயிற்று.

வாய்ச்சொல் ஏன் போதாது என்பதை அறிய, இத்துறையில் வெற்றியை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இலண்டனில் பணியாற்றிய மைக்கேல் ரசல் என்னும் மனநல மருத்துவர் 1979-இல் ஓர் எளிய ஆய்வை வெளியிட்டார். பொதுமருத்துவர் 28 பேரிடம் வந்த 2,138 புகைபிடிப்போரை நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒன்றும் சொல்லாமல் விடப்பட்டவருள் ஓராண்டு விட்டிருந்தோர் 0.3 விழுக்காடு. மருத்துவர் ஓரிரு நிமிடம் விடச்சொல்லி, துண்டுத்தாள் ஒன்றைக் கையில் தந்து, ‘பின்னர் உங்களிடம் கேட்போம்’ என்றும் அறிவித்த குழுவிலோ 5.1 விழுக்காடு. மருத்துவர்க்குச் செலவு இரண்டு நிமிடமே! அவர் பெயராலேயே 2005-இல் ‘ரசல் அளவுகோல்’ வகுக்கப்பட்டது. ஆறு மாதமேனும் பின்தொடர வேண்டும். அக்காலத்தில் ஐந்து சிகரெட்டுக்குமேல் பிடித்தவர் தோற்றவர். விட்டதாகச் சொல்பவரின் மூச்சைச் சோதிக்க வேண்டும். தொடர்பற்றுப் போனவர் யாவரும் புகைப்பவராகவே எண்ணப்படுவர். இந்தக் கடைசி விதி கடுமையானது, ஆனால் நேர்மையானது. ‘நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றி’ என்று முழங்கும் விளம்பரத்தைக் கண்டால் நான் முதலில் கேட்பது, வராமற்போனவரை எந்தக் கணக்கில் எழுதினீர் என்பதே.

மூச்சுச் சோதனை எளியது. ஆழ இழுத்த மூச்சைப் பதினைந்து நொடி அடக்கி, கையடக்கக் கருவியின் குழலில் மெல்ல, நுரையீரல் வெறுமையாகும்வரை ஊத வேண்டும். கருவியின் முகப்பில் கார்பன் மோனாக்சைடின் அளவு எண்ணாக ஏறும். பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்குக் கீழே நின்றால் தேர்வு. ஆயினும் அவ்வளி சில மணிநேரத்தில் குருதியிலிருந்து பாதியாகக் குறைந்துவிடும். ஒருநாள் முன்னதாகவே நிறுத்திக்கொண்டு வருபவர் கருவியை ஏமாற்றலாம். அதனாலேயே கருவியின் எண்ணையும் ஆளின் வாக்கையும் சேர்த்துப் பார்க்கின்றனர்.

இத்தகைய அளவுகோலுக்குச் சைட்டிசின் ஆட்பட்டது, வார்சாவில் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில். இங்கிலாந்தின் ராபர்ட் வெஸ்டும் போலந்தின் விட்டோல்ட் சட்டோன்ஸ்கியும் இணைந்து நடத்தியது. 740 பேரில் பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்குப் போலி மாத்திரை; எது எவருக்கு என்பதைக் கொடுத்தவரும் அறியார், கொண்டவரும் அறியார். முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒன்றாக ஆறு மாத்திரை. பின்னர் படிப்படியாகக் குறைத்து இருபத்தைந்தாம் நாளில் முடிவு. ஐந்தாம் நாளுக்குள் புகையை நிறுத்திவிட வேண்டும்.

புகையை இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையை அடைந்து, அங்குள்ள ஏற்பிகளைப் பற்றி, இன்பவுணர்வோடு தொடர்புடைய டோபமினைச் சுரக்கத் தூண்டுகிறது. புகை நின்றதும் அவ்வேற்பிகள் வெறுமையாகி, எரிச்சலும் பதைப்பும் தூக்கக்கேடும் எழுகின்றன. முதல் வாரமே பெரும்பாடு. சைட்டிசின் அதே ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு அரைகுறையாகத் தூண்டுகிறது. ஆகவே பதைப்பு தணிகிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தாற்போல, பின்னால் வரும் நிக்கோட்டினுக்கு இருக்கை இல்லாமலும் செய்துவிடுகிறது. ஆசை மேலிட்டு ஒன்றைப் பற்றவைத்தாலும் பழைய இன்பம் கிட்டுவதில்லை.

ஓராண்டு கழித்து எண்ணியபோது, மருந்துக் குழுவில் 31 பேர், அதாவது 8.4 விழுக்காடு, விட்டிருந்தனர். போலிக் குழுவில் 9 பேர், 2.4 விழுக்காடு. நூற்றுக்கு எட்டுத்தானா என்று முகம் சுளிப்பது எளிது. பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் ஐம்பதாண்டு பின்தொடர்ந்த ரிச்சர்டு டாலின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: நாற்பது வயதில் விட்டவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டும், அறுபதில் விட்டவர் மூன்று ஆண்டும் கூடுதலாக வாழ்கின்றனர். ஒருவருக்கு ஒன்பது ஆண்டு தரும் மாத்திரை மருத்துவத்தில் மிகுதியாக இல்லை. 2014-இல் நியூசிலாந்தில் 1,310 பேரைக் கொண்டு நிக்கோட்டின் பட்டை, மெல்பசை முதலியவற்றோடு சைட்டிசினை ஒப்பிட்டனர். ஒரு மாதத்தில் விட்டிருந்தோர் சைட்டிசினால் 40 விழுக்காடு, மற்றவற்றால் 31. இங்கே மூச்சு அளக்கப்படவில்லை. அவரவர் வாக்கே ஆதாரம். குமட்டலும் தூக்கக்கேடும் சைட்டிசின் கொண்டோரிடம் மிகுந்தன என்பதையும் மறைக்கவில்லை.

1964-க்கும் 2011-க்கும் இடையே நாற்பத்தேழு ஆண்டு ஏன் என்ற கேள்விக்கு என் விடை பணம் என்பதே. எவர்க்கும் உரிமையில்லாத பழைய செடிப்பொருளுக்காகப் பெருஞ்செலவில் ஆய்வு நடத்த எந்த நிறுவனம் முன்வரும்? சைட்டிசினின் மூலக்கூற்று வடிவை அடியொற்றி ஃபைசர் நிறுவனம் ஆக்கிய வாரெனிக்ளின் 2006-இல் அமெரிக்க இசைவு பெற்று உலகெங்கும் பரவியது. மகளுக்கு முடிசூட்டிய பின்னும் தாய் வாயிலிலேயே நின்றாள்.

இனி, எதிர்பார்ப்பைக் குலைத்த ஆய்வு ஒன்று. மலிவான இம்மாத்திரை ஏழை நாடுகளுக்கே ஏற்றது எனப் பலர் நம்பினர், நானும் நம்பினேன். வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் 32 மருத்துவமனைகளில், புகைபிடிக்கும் காசநோயாளர் 2,472 பேரிடம் அது சோதிக்கப்பட்டு, முடிவு 2020-இல் வெளிவந்தது. இரு குழுவினர்க்கும் புகைவிடுவதற்கான அறிவுரை அளிக்கப்பட்டது. ஆறு மாதத்தில் விட்டிருந்தோர் சைட்டிசின் குழுவில் 32.4 விழுக்காடு, போலிக் குழுவில் 29.7, தற்செயலாகவே நேரக்கூடிய வேறுபாடு. வார்சாவின் ஓராண்டுக் கணக்கை இதனோடு நேருக்கு நேர் வைத்தல் பொருந்தாது. ஆயினும் போலி மாத்திரை விழுங்கியவருள் பத்தில் மூவர் விட்டிருப்பது கண்ணில் படாமல் போகாது. நோய் உறுதியான நாளின் அச்சமும், நலப்பணியாளரின் சில நிமிடப் பேச்சுமே பெரும்பகுதி வேலையை முடித்திருக்கலாம். மாத்திரை செய்வதற்கு மிச்சம் குறைவாக இருந்திருக்கலாம். அச்சத்தின் பங்கையும் பேச்சின் பங்கையும் பிரித்தறிய, அறிவுரையே பெறாத மூன்றாம் குழு ஒன்று வேண்டும். காசநோயாளிக்கு அந்தச் சில நிமிடத்தை மறுத்து ஆய்வு நடத்த எந்த அறநெறிக் குழு ஒப்புதல் தரும்?