பூட்டிய போல்டரும் பொதுப் பாஸ்வேர்டும்

பிரிட்டனில் எங்கட ஆக்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து இருக்கும் சில வீடுகளில், கொம்பியூட்டர் தெரிந்த ஒருவர் பழைய டெஸ்க்டொப் ஒன்றை ஹோலின் மூலையில் வைத்து அதை வீட்டுச் சேர்வர் ஆக்கிவிடுவார். எல்லாரும் ஹோம் ஒபிஸ் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ், டொக்டரின் அறிக்கை எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி அதில் போட்டு வைப்பார்கள். நல்ல விஷயம்தான். வீடு மாறும்போது கடதாசி தொலைந்து அழுத எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டி திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் சொலிசிட்டரிடம் போவதற்கு முதல்நாள் இரவில்தான்.

போன குளிர்காலத்தில் ஒரு தம்பி இரவு ஒன்பது மணிக்குப் போன் எடுத்தார். "ரீச்சர், காலமை பத்து மணிக்கு அப்பொயின்ட்மென்ட். டொக்டரின்ர கடிதம் போல்டருக்குள்ள கிடக்கு, திறக்குதில்லை. எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான், ஆரோ மாத்திப்போட்டினம்." படிப்பித்த பழக்கத்தில் நான் முதலில் கேட்டது, திரையில் என்ன எழுதியிருக்கு, ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கோ என்றுதான்.

இதை எல்லாருக்கும் சொல்கிறேன். திறக்கவில்லை என்பது ஒரு வருத்தம் இல்லை, மூன்று வருத்தம். பாதை கிடைக்கவில்லை என்று வந்தால் உங்கட லப்டொப்புக்கு அந்தப் பெட்டியே தெரியவில்லை. மின்சாரக் காசு மிச்சம் பிடிக்க ஆராவது அதை நிறுத்தியிருப்பார்கள், அல்லது நீங்கள் விருந்தினருக்கான வைபையில் நிற்பீர்கள். அதற்குப் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பயனில்லை. அக்செஸ் டினைட் என்று வந்தால், அநேகமாகப் பாஸ்வேர்ட் சரி, அந்தப் போல்டருக்கு உங்களுக்கு அனுமதி தரவில்லை. அதைச் சேர்வர் வைத்திருப்பவர்தான் திருத்த வேணும். யூசர்நேம் அல்லது பாஸ்வேர்ட் பிழை என்று வந்தால்தான் வேலை உங்கட கையில்.

தம்பிக்கு வந்தது இந்த மூன்றாவது. இதில் எங்கட ஆக்கள் மாட்டுப்படும் இடங்கள் சில உண்டு. கேட்கப்படுவது சேர்வரில் உள்ள யூசர்நேமும் பாஸ்வேர்டும், உங்கட லப்டொப்பினுடையது அல்ல. ஆகவே யூசர்நேம் இடத்தில் சேர்வரின் பெயரை எழுதி, பின்பக்கம் சாயும் கோடு ஒன்று போட்டு, பிறகு உங்கட யூசர்நேமை எழுதுங்கோ. லப்டொப்பைத் திறக்கும் பின் நம்பர் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் விண்டோஸில் வழமையாக நெட்வேர்க் வழியே போகாது. கீபோர்டையும் பாருங்கோ. அமெரிக்க முறையில் வைத்திருந்தால், பிரிட்டன் கீபோர்டில் ஈமெயிலுக்குப் போடும் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறி விழும். பாஸ்வேர்டை நோட்பாடில் ஒருக்கா அடித்துக் கண்ணால் பார்த்துவிட்டு அழியுங்கோ.

இதெல்லாம் சரியாக இருந்தும் தம்பிக்குத் திறக்கவில்லை. காரணம், லப்டொப் பழைய பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொண்டு, கேட்காமலே அதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கொன்ட்ரோல் பனலில் கிரெடென்ஷியல் மனேஜர் என்று ஒன்று இருக்கு. அதில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்பதை அமத்தி, சேர்வரின் பெயர் உள்ள வரியை நீக்கி, லப்டொப்பை நிறுத்தி மறுபடி போட்டால் புதிதாகக் கேட்கும். மறுபடி போடச் சொல்வது சும்மா இல்லை. ஒரே நேரத்தில் ஒரே சேர்வருக்கு இரண்டு யூசர்நேமில் போக விண்டோஸ் விடாது. வீட்டு அண்ணாவிடம் புதுப் பாஸ்வேர்டைக் கேட்டு அடிக்க, இருபது நிமிசத்தில் திறந்தது.

பிறகு தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரீச்சர், மற்ற ஆக்களின்ர போல்டரும் எனக்குத் திறக்குது" என்றார். ஒருவருடைய இன்டர்வியூப் பதிவு அதற்குள் கிடந்தது. தடுப்பில் அவருக்கு என்ன நடந்தது, ஊரில் ஆர் ஆர் உதவினார்கள், மனைவி இப்ப எங்கே இருக்கிறா, எல்லாம்.

நீங்கள் புகலிடத்துக்காகச் சொல்வதை, உங்களைத் துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்படுபவர்களிடம் கொடுக்கக்கூடாது என்று பிரிட்டனின் குடிவரவு விதிகளிலேயே இருக்கு. வீட்டு ஹோலில் உள்ள பெட்டிக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. கூட இருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரிடம் வந்துபோகும் சினேகிதரை உங்களுக்குத் தெரியுமா? வீட்டை விட்டுப் போனவருக்கும் அந்தப் பாஸ்வேர்ட் தெரியும்தானே.

சேர்வர் வைத்திருக்கும் அண்ணாமாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவருக்கும் தனி யூசர்நேம் போடுங்கோ. எல்லாப் போல்டரையும் உள்ளடக்கிய பெரிய போல்டரைப் பகிர்வதை நிறுத்தி, ஒவ்வொருவரின் போல்டரையும் தனியே பகிருங்கோ. எவ்ரிவன் என்ற பெயரை எடுத்துவிட்டு அந்த ஆளின் பெயரை மட்டும் சேருங்கோ. பகிர்வு அனுமதி ஒன்று, போல்டரின் பாதுகாப்பு அனுமதி ஒன்று என இரண்டு உண்டு. இரண்டில் இறுக்கமானதுதான் செல்லும். வெறும் விருந்தினராக நுழைவதை 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, புரோ வகையில் வழமையாகவே மூடிவிட்டது. அதைத் திறக்கும் குறுக்குவழியை ஆரும் சொல்லித் தந்தாலும் செய்யாதேங்கோ.

இவ்வளவு செய்தாலும் நிர்வாகியாக இருப்பவர் நினைத்தால் எந்தப் போல்டரையும் திறக்கலாம். வீட்டுக்காரரிடம் எல்லா அறைக்கும் ஒரு திறப்பு இருப்பது போலத்தான். ஆகவே வாக்குமூலம், இன்டர்வியூப் பதிவு, உடலில் பட்ட காயங்களின் படம் ஆகியவற்றை அங்கே வைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சொலிசிட்டரிடம் ஒரு பிரதி இருக்கட்டும், உங்கட யூஎஸ்பியில் ஒன்று இருக்கட்டும். வேர்ட் பைலுக்குத் தனிப் பாஸ்வேர்ட் போடலாம். மறந்துபோனால் மைக்ரோசொப்டாலும் அதை மீட்டுத் தர ஏலாது, ஆனபடியால் எழுதி உங்கட பையில் வையுங்கோ. சேர்வரில் ஒட்டாதேங்கோ! ஒட்டியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே தொலைத்தவர்கள் பயப்பட வேண்டாம். ஹோம் ஒபிஸ் உங்களைப் பற்றி வைத்திருக்கும் பைலின் பிரதியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2018 மே மாதத்திலிருந்து அதற்குக் கட்டணம் இல்லை. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் உங்கட அடையாள அட்டையுடன் எங்கட மேசைக்கு வாருங்கோ, இருந்து எழுதுவோம்.