மனைவி மக்கள் எடோவில், பிரபு சாலையில்

1600-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஒசாகாவின் டமட்சுகூரி பகுதியில் இருந்த ஹொசோகாவா மாளிகையை ஆயுதம் தாங்கிய ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். வீட்டு எஜமானியைக் கோட்டைக்கு அனுப்பச் சொன்னார்கள். கணவர் ஹொசோகாவா டடாவோகி அப்போது ஊரில் இல்லை; தொகுகவா இயேயாசுவின் படையோடு கிழக்கே போயிருந்தார். எதிரணியை நடத்திய இஷிடா மிட்சுனாரிக்கு ஒரு கணக்கு இருந்தது. கிழக்கே போன பிரபுக்களின் பெண்டு பிள்ளைகளைப் பிடித்துக் கோட்டைக்குள் வைத்துவிட்டால், அவர்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு தன் பக்கம் வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்.

எஜமானியின் பெயர் டாமா. ஞானஸ்நானம் பெற்றபின் கிராசியா. அவளை எதிரி கையில் சிக்கவிடாதீர்கள் என்று கணவர் சேவகர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தற்கொலை கத்தோலிக்கருக்குப் பாவம் என்பதால், மூத்த சேவகர் ஒகசவாரா ஷோசாய் கையாலேயே அவர் உயிர் போனது. பிறகு மாளிகைக்குத் தீ வைத்துவிட்டு ஷோசாயும் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அதே வீட்டில் இருந்த மூத்த மருமகள் மட்டும் தப்பிப் பிழைத்தார். மாமியாரோடு சாகாமல் ஓடியவளை விலக்கிவை என்றார் டடாவோகி. மகன் மறுத்தார், மகனுக்கு வாரிசுரிமை போயிற்று. கடைசியில் பட்டத்துக்கு வந்தவர் இன்னொரு மகனான டடாடோஷி. அந்தப் பையன் அந்த ஆகஸ்ட் மாதம் எங்கே இருந்தான் தெரியுமா? இன்றைய டோக்கியோவான எடோவில், இயேயாசுவிடம் பணயமாக.

எதிரிக்குப் பணயமாகப் போவதற்குப் பதில் தாய் சாக வேண்டும். கூட்டாளியிடம் மகனைப் பணயமாக வைக்கலாம். ஜப்பான் ஒன்றுபட்ட கதையை நோபுனாகா, ஹிடெயோஷி, இயேயாசு என்ற மூவரின் வாள்வீரமாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் வளர்ந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் மீதிப் பாதி தெரிகிறது.

1467-ல் கியோட்டோவில் தொடங்கிய வாரிசுச் சண்டை பத்தாண்டுகளில் தலைநகரைச் சாம்பலாக்கியது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கோட்டை வைத்திருந்தவனெல்லாம் ராஜா. பேரரசர் சடங்குகளுக்கு மட்டும். அவர் பெயரால் ஆள வேண்டிய ஷோகனுக்கும் செல்வாக்கில்லை. மத்திய ஜப்பானின் சிறு பிரபு ஓடா நோபுனாகா 1560-ல் ஒகெஹசாமாவில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையோடு வந்த இமகவா யோஷிமொட்டோவின் தலையை எடுத்தார். 1571-ல் ஹியேய் மலையின் மடங்களை எரித்தார், 1573-ல் ஷோகனையே கியோட்டோவிலிருந்து துரத்தினார். 1582-ல் தன் தளபதி அகெச்சி மிட்சுஹிடேயின் துரோகத்தில் மாண்டார். அந்த மிட்சுஹிடேயின் மகள்தான் கிராசியா.

பழிவாங்கி மேலே வந்தவர் ஹிடெயோஷி. காலாட்படைக் குடியானவனின் மகன். நோபுனாகாவிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1588-ல் குடியானவர்கள் கையில் இருந்த வாள், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் பறிக்க உத்தரவிட்டார். கியோட்டோவில் எழும்பும் பெரிய புத்தர் மண்டபத்துக்கு ஆணியும் கொண்டியும் செய்ய இந்த இரும்பு பயன்படும், கொடுப்பவருக்கு மறுமையிலும் புண்ணியம் என்று அந்த உத்தரவு சொன்னது. நிலங்களை அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் விளைச்சல் கணக்கு எழுதவைத்தார். உழுபவன் இனி உழுபவனே, வாள் பிடிப்பவன் வாள் பிடிப்பவனே. தான் ஏறிவந்த ஏணியை மேலே இழுத்துக்கொண்ட மனிதர்களில் இவருக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

இவருக்கு வழிக்கு வராமல் இருந்தவர் இயேயாசு. படையால் வெல்ல முடியவில்லை. 1586-ல் ஹிடெயோஷி தன் தங்கையை இயேயாசுவுக்கு மணம் செய்து கொடுத்தார். அதற்கும் அசையவில்லை என்றதும், பெற்ற தாயையே பணயமாக அனுப்பிவைத்தார். நாட்டின் மிகப் பெரிய அதிகாரத்தில் இருந்தவரின் எழுபது வயது தாண்டிய தாய், கீழே இருக்கவேண்டியவரின் கோட்டைக்குப் போகிறாள்! இயேயாசு ஒசாகாவுக்குப் போய்த் தலை வணங்கித் திரும்பும்வரை அந்தக் கிழவி ஒகசாகியில் இருந்தாள். தலைவருக்கு ஏதாவது ஆனால் கொளுத்திவிடலாம் என்று, இயேயாசுவின் ஆள் ஒருவர் அவள் தங்கியிருந்த வீட்டைச் சுற்றி விறகு அடுக்கி வைத்திருந்ததாகக் கதை.

இயேயாசுவுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1543-ல் பிறந்தவர் சிறுவயதிலேயே பணயமாகப் போனார். முதலில் நோபுனாகாவின் தந்தை கையில். 1549-ல் கைமாறி இமகவாவிடம். இன்றைய ஷிசுவோகாவான சும்பு நகரில் பத்தாண்டுக்கு மேல் வளர்ந்தார், கல்யாணமும் அங்கேயே. இமகவா ஒகெஹசாமாவில் செத்ததும் இயேயாசு தன் ஊருக்குத் திரும்பிவிட்டார்; மனைவியும் மகனும் சும்புவில் மாட்டிக்கொண்டார்கள். இமகவாவின் உறவினர் பிள்ளைகள் இருவரைப் போரில் பிடித்து, அவர்களைக் கொடுத்து இவர்களை மீட்டார். அப்படி மீட்ட மனைவியையும் மகனையும் 1579-ல் நோபுனாகாவுக்காகச் சாகவிட்டார் என்பது அந்த வாழ்க்கையின் கறுப்புப் பக்கம். முதுமையில் ஓய்வெடுக்க அவர் தேர்ந்தெடுத்த ஊரும் சும்புதான்.

ஹிடெயோஷி கொரியா மீது இரண்டு முறை படையெடுத்துப் பெருநாசம் விளைவித்துவிட்டு 1598-ல் இறந்தார். வாரிசு ஹிடெயோரிக்கு ஐந்து வயது. 1600 அக்டோபர் 21 அன்று செகிகஹாராவில் இயேயாசு ஒரே நாளில் வென்றார். எதிரணியில் நின்ற கொபயகவா ஹிடெயாகி நடுவில் கட்சி மாறியது பேருதவி. 1603-ல் ஷோகன் பட்டம். இரண்டே ஆண்டில் அதை மகன் ஹிடெடடாவுக்குக் கொடுத்துவிட்டார். பட்டம் இனி எங்கள் குடும்பச் சொத்து என்று ஊருக்குச் சொல்லியாயிற்று.

ஹிடெயோரி வளர்ந்து வாலிபனாகி ஒசாகா கோட்டையில் உட்கார்ந்திருந்தது மட்டும் உறுத்தியது. பறித்த வாள்களின் பெயரால் எழுந்த அதே புத்தர் ஆலயத்துக்கு 1614-ல் ஹிடெயோரி ஒரு மணி வார்த்தார். மணியில் பொறித்த சொற்களில் இயேயாசுவின் பெயரின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வேறோர் எழுத்து வந்துவிட்டதாம். பெயரை வெட்டிச் சாபமிட்டிருக்கிறார்கள் என்று சண்டைக்கு இழுத்தார். ஓநாய், ஆட்டுக்குட்டிக் கதைதான். 1615 கோடையில் ஒசாகா கோட்டை எரிந்தது. ஹிடெயோரியும் அவர் தாயும் செத்தார்கள். எட்டு வயது மகனின் தலை துண்டிக்கப்பட்டது. அந்த மணி இன்றும் கியோட்டோவில் தொங்குகிறது.

அதன்பின் எழுந்த அரசை சாமுராய் அரசு என்கிறோம். உண்மையில் அது கணக்குப்பிள்ளைகளின் அரசு. நாட்டில் டைம்யோ எனப்பட்ட பிரபுக்கள் 260-க்கு மேல். குறைந்தது 10,000 கொக்கு விளைச்சல் உள்ள நிலம் இருந்தால்தான் டைம்யோ. ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர் அரிசி. ஒருவர் ஓராண்டுக்குச் சாப்பிடும் அளவு என்று வைத்தார்கள். கனசவாவின் மயேடா குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொக்குக்கு மேல். செகிகஹாராவுக்கு முன்பே இயேயாசுவோடு நின்றவர்கள் உள்வட்டம். பின்னால் பணிந்தவர்கள் வெளிவட்டம். வெளிவட்டத்தார் பெரும்பாலும் தூரத்து மூலைகளில். 1615 சட்டப்படி புதுக் கோட்டை கட்டக்கூடாது, அனுமதி கேட்காமல் கல்யாணம்கூடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் அச்சாணி 1635-ல் மூன்றாம் ஷோகன் இயேமிட்சு சட்டமாக்கிய முறை. டைம்யோ ஓராண்டு எடோவில் இருக்கவேண்டும், மறு ஆண்டு தன் ஊரில். மனைவியும் வாரிசும் எப்போதும் எடோவில். 1600-ல் மயேடா வீட்டு விதவை மாட்சு எடோவுக்குப் பணயமாகப் போய் பதினான்கு ஆண்டு இருந்தார். இப்போது நாட்டின் ஒவ்வொரு டைம்யோ வீட்டிலும் ஒரு மாட்சு. வாரிசுகள் எடோவிலேயே பிறந்து, எடோவிலேயே பேசிப் பழகி, பட்டத்துக்கு வந்தபின்தான் சொந்தச் சீமையை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

எடோவுக்குப் போகும் சாலைகளின் சோதனைச்சாவடிகளில் காவலர்கள் கவனித்தது இரண்டை: உள்ளே வரும் துப்பாக்கி, வெளியே போகும் பெண். துப்பாக்கி வந்தால் கலகம். டைம்யோவின் மனைவி வேஷம் மாறி வெளியேறினாலும் அது கலகத்துக்கு முன்னேற்பாடு. அதனால் பெண்களைச் சோதிக்கவே பெண்களை வைத்திருந்தார்கள். கூந்தலை அவிழ்த்துப் பார்ப்பார்கள். அனுமதிச்சீட்டில் எழுதியிருப்பதும் ஆளும் ஒத்துப்போகவேண்டும். 1681-ல் மருகமேயைச் சேர்ந்த இனோவே ட்சூஜோ என்ற இளம் கவிஞர் எடோவுக்குப் புறப்பட்டார். வெளியேறுகிறவர்கூட இல்லை, உள்ளே போகிறவர்! ஆனாலும் அராய் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். சீட்டில் ‘பெண்’ என்று இருந்தது. மணமாகாத இளம்பெண் அணியும் நீள்கை உடையில் அவர் இருந்தார். அதற்குரிய சொல் சீட்டில் இல்லை. ஒசாகாவுக்கு ஆள் அனுப்பிப் புதுச் சீட்டு வரும்வரை அவர் காத்துக் கிடந்தார். பயணக் குறிப்பில் இதை எழுதியும் வைத்தார்.

பெண்கள் இப்படி அடைபட்டிருக்க, ஆண்கள் சாலையில். மயேடா ஊர்வலத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல். கனசவாவிலிருந்து எடோவுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாள். பகட்டுக் குறையக்கூடாதென்று ஊருக்குள் நுழையுமுன் கூலிக்கு ஆள் சேர்த்துக்கொண்ட டைம்யோக்களும் உண்டு. எடோ மாளிகைச் செலவும் ஊர்வலச் செலவும் சேர்ந்து பல சீமைகளின் ரொக்கச் செலவில் பாதியையோ அதற்கு மேலோ விழுங்கின. வரி வருவது அரிசியாக, செலவாவது காசாக. அரிசி ஒசாகாவுக்குப் போய் விற்றாகவேண்டும். அங்கே வியாபாரி கையில் கடிவாளம். 1730-ல் டோஜிமா அரிசிச் சந்தைக்கு அரசே அங்கீகாரம் கொடுத்தது. விளையாத அரிசிக்கும் அங்கே விலை பேசினார்கள். சாதி அடுக்கில் வியாபாரி கடைசி. சாமுராயோ அவனிடம் அடுத்த ஆண்டு அரிசியை அடகு வைத்துவிட்டு, இடுப்பில் இரண்டு வாளோடு வீட்டுக்குப் போனான். எடோ பத்து லட்சம் பேர் கொண்ட நகரானதற்கும் இந்தக் கட்டாயக் குடித்தனமே காரணம். மயேடா மாளிகை இருந்த இடத்தில் இன்று டோக்கியோ பல்கலைக்கழகம். ஷோகன் மகளை மருமகளாக வரவேற்க 1827-ல் கட்டிய சிவப்பு வாயில் அங்கே நிற்கிறது.

1638-ல் ஷிமபாரா விவசாயிகளின் கலகத்தை ரத்தத்தில் அடக்கிய பிறகு, இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பெரிய போரே இல்லை. 1853-ல் அமெரிக்கக் கப்பல்கள் வந்தபின் ஷோகன் அரசு ஆட்டம் கண்டது. 1862-ல் சட்சுமாவின் ஷிமாசு ஹிசமிட்சு படையோடு எடோவுக்கு வந்து சீர்திருத்தம் கேட்டார். திரும்பும் வழியில் நமமுகி கிராமத்தில், ஊர்வலத்துக்கு ஒதுங்காமல் குதிரையில் வந்த ஆங்கிலேயர் ஒருவரை அவர் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். அடுத்த மாதமே உத்தரவு வந்தது: டைம்யோக்கள் இனி மூன்றாண்டுக்கு ஒருமுறை நூறு நாள் வந்தால் போதும்; மனைவி மக்கள் ஊருக்குப் போகலாம். கடற்கரைக் காவலுக்குப் பணம் மிச்சமாகட்டும் என்பது காரணம். மாளிகைகள் காலியாயின, அவற்றை நம்பியிருந்த எடோ கடைக்காரர்கள் பிழைப்பிழந்தார்கள்.

1864-ல் ஷோகன் அரசு விழித்துக்கொண்டு, குடும்பங்களைத் திருப்பி அனுப்புங்கள் என்றது. பெரும்பாலான டைம்யோக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செகிகஹாராவில் தோற்ற அணியிலிருந்த சட்சுமா, சோஷு சீமைகள் 1866-ல் ரகசியமாகக் கைகோத்தன. அவற்றைத் தடுத்து நிறுத்த ஷோகன் கையில் அப்போது ஒரு பிள்ளைகூட இல்லை. 1867 நவம்பரில் பதினைந்தாம் ஷோகன் யோஷிநோபு ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்தார்.