ஐங்குவார்க்கைத் தேடியவர்கள்

புரோத்தனுக்குள் மூன்று குவார்க்குகள் உள்ளன என்பதை உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவியர் அறிவர். மீசன் எனப்படும் துணிக்கையில் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் உண்டு. அப்படியாயின், நான்கு குவார்க்குகளும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துணிக்கை இருக்கக் கூடாதா? 1964இல் குவார்க் என்ற கருத்தை முன்வைத்தபோதே மறே கெல்மான் அதற்கும் இடம் விட்டிருந்தார். ஆனால், இருக்கலாம் என்பது வேறு. இருக்கிறது என்பது வேறு.

இத்தகைய துணிக்கையை நேரே காண முடியாது. தோன்றிய கணமே சிதைந்துவிடும். சிதைவில் வெளிவரும் துணிக்கைகளின் சக்தியையும் உந்தத்தையும் அளந்து, தாய்த் துணிக்கையின் திணிவைக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்வின் விடையையும் வரைபில் குறித்துக்கொண்டே போனால், துணிக்கை இருக்கும் திணிவில் ஒரு மேடு எழும். தொல்லை என்னவென்றால், தற்செயலாகவும் மேடு எழும். நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டி ஏழு தடவை தலை விழுந்தால் எவரும் வியப்பதில்லை. ஆயிரத்தில் எழுநூறு தலை விழுந்தால் நாணயத்தையே சந்தேகிக்க வேண்டும்.

2003இல் யப்பானின் ஸ்பிரிங்-8 ஆய்வுகூடத்தில் ஒரு மேடு தெரிந்தது. புரோத்தனின் திணிவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். தீற்றா பிளஸ் என்று பெயரும் வைத்தாயிற்று. அந்த மேட்டில் இருந்தவையோ ஏறக்குறைய இருபது நிகழ்வுகள்தாம்! ஆயினும், சிறிது காலத்துக்குள் "நாங்களும் கண்டோம்" என்ற அறிக்கைகள் பல நாடுகளிலிருந்து வந்தன. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வுகூடத்தில் இயங்கிய குழுவும் அவற்றுள் ஒன்று. ஆனால் அக்குழு அத்துடன் நிற்கவில்லை. அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து, பல மடங்கு தரவுகளைச் சேர்த்தது. மேடு கரைந்து போயிற்று. தாம் கண்டதாகச் சொன்னதை அவர்களே இல்லையென்று வெளியிட்டார்கள். பின்னர் வந்த கண்டுபிடிப்பைவிட இதையே நான் பெரிதாக மதிப்பேன்.

2015இல் ஜெனீவாவுக்கு அருகே சேர்ன் நிறுவனத்தின் எல்.எச்.சி.பி. குழு, லம்டா-பி என்னும் துணிக்கையின் சுமார் 26,000 சிதைவுகளை ஆராய்ந்தபோது, புரோத்தனைப் போல நான்கரை மடங்குக்கும் அதிகமான திணிவுடைய இரண்டு ஐங்குவார்க்குகளின் அடையாளம் தென்பட்டது. 2019இல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தரவுகளோடு மீண்டும் பார்த்தார்கள். இம்முறை மேடு கரையவில்லை. முன்பு ஒன்றாகத் தெரிந்த கூரிய மேடு, அருகருகே நிற்கும் இரண்டாகப் பிரிந்தது. குறைந்த திணிவில் புதிதாக இன்னொன்றும் எழுந்தது.

ஐந்து குவார்க்குகளும் ஒரே உருண்டையாக இறுகியுள்ளனவா, அல்லது மூன்றும் இரண்டுமாக இரு துணிக்கைகள் தளர்வாக ஒட்டியுள்ளனவா என்பதுதான் இப்போதைய விவாதம்.