டெண்டர் போடாதவர் போட்ட வழக்கு!

பம்பாய் விமான நிலையத்தில் ஒரு சாப்பாட்டு விடுதி. இரண்டு சிற்றுண்டிக் கடைகள். இவற்றை நடத்துவது யார்?

இந்தச் சின்னக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். நாடு முழுவதும் சர்க்கார் காண்டிராக்டு வழக்குகளில் வக்கீல்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு அதிலிருந்துதான் பிறந்தது.

வழக்குப் போட்டவரோ டெண்டரே போடாதவர்!

"டெண்டர்" என்றால் என்ன?

சர்க்காருக்கு ஒரு பாலம் கட்ட வேண்டும். அல்லது ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்க வேண்டும். "இன்ன வேலை, இன்ன நிபந்தனை. எவ்வளவுக்குச் செய்வீர்கள்?" என்று விளம்பரம் செய்வார்கள். தொழில் செய்பவர்கள் தங்கள் தொகையை எழுதிக் கொடுப்பார்கள். ஒருவர் தொகை இன்னொருவருக்குத் தெரியாது. குறித்த நேரத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். சர்க்கார் பணம் கொடுக்கிற வேலை என்றால், தகுதி உள்ளவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. சர்க்கார் இடத்தில் கடை நடத்த உரிமை என்றால், அதிகத் தொகை கொடுப்பவருக்கு உரிமை.

பம்பாயில் நடந்தது இரண்டாவது வகை.

8 காசு குறைவு

அப்போது அந்த விமான நிலையத்தைப் பார்த்துக்கொண்டது, சர்வதேச விமான நிலைய ஆணையம். 1971-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நிறுவனம் அது. 1977 ஜனவரியில் அது டெண்டர் கேட்டது. "பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரராக இருக்க வேண்டும். குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். 3 ஆண்டு நடத்தலாம்" என்பது அறிவிப்பு. ஜனவரி 25-ந் தேதி பகல் 12 மணியோடு கெடு முடிந்தது. 12-30 மணிக்கு உறைகளைப் பிரித்தார்கள்.

ஆறு பேர் போட்டியிட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுதியிருந்த தொகை, மாதம் ரூ.6,666.66. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 80 ஆயிரம் ரூபாய். அதில் 8 காசுதான் குறைவு! மற்ற ஐந்து பேரும் கேட்டிருந்தது இதைவிட மிகவும் குறைந்த தொகை.

அதிகாரிகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு சிக்கல். அதிகத் தொகை எழுதியவர் ஓட்டல் நடத்தியவர் அல்ல. கம்பெனிகளிலும், பாங்கிகளிலும், தொழிற்சாலைகளிலும் காண்டீன் நடத்தியவர். பத்து ஆண்டு அனுபவம் உண்டு. ஆனால் "பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரர்" என்ற நிபந்தனைக்கு அவர் பொருந்தவில்லை.

"அத்தாட்சி இருக்கிறதா?" என்று அதிகாரிகள் கேட்டு எழுதினார்கள். அவர் தம்முடைய காண்டீன் லைசென்சைக் காட்டினார். ஏப்ரல் 19-ந் தேதி உரிமை அவருக்கே கொடுக்கப்பட்டது.

"தெரிந்திருந்தால் நானும் போட்டிருப்பேன்"

சில மாதம் கழித்து, நவம்பர் 8-ந் தேதி, வேறொருவர் பம்பாய் ஐகோர்ட்டில் மனுப் போட்டார். அவர் சொன்ன காரணம் இது: "எனக்கும் அந்த ஓட்டல் தகுதி கிடையாது. அதனால்தான் ஒதுங்கி நின்றேன். நிபந்தனையைத் தளர்த்துவார்கள் என்று தெரிந்திருந்தால் நானும் போட்டியிட்டிருப்பேன். என் வாய்ப்பு போய்விட்டதே!"

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் யோசித்தால் நியாயம் தெரியும். ஆள் எடுக்கும்போது, "பி.ஏ. படித்தவர்கள் மட்டும் வரலாம்" என்று விளம்பரம் செய்துவிட்டு, பத்தாவது படித்த ஒருவருக்கு வேலையைக் கொடுத்தால், விளம்பரத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட மற்றப் பத்தாவது படித்தவர்களின் கதி என்ன?

பம்பாய் ஐகோர்ட்டு மனுவை ஏற்கவில்லை. அப்பீலிலும் தோல்வி. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

வீட்டுக்காரரும் சர்க்காரும்

1979 மே 4-ந் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி பி.என்.பகவதி.

சொந்த வீட்டை வாடகைக்கு விடுகிறவர், தமக்குப் பிடித்தவருக்கு விடலாம். "ஏன் எனக்குத் தரவில்லை?" என்று யாரும் கேட்க முடியாது. சர்க்கார் அப்படி நடக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். காண்டிராக்டு, லைசென்சு, கோட்டா என்று சர்க்கார் கையில் இருப்பது ஊர்ச் சொத்து. மனம் போனபடி ஒருவருக்குக் கொடுப்பதும் மறுப்பதும், சமத்துவம் கூறுகிற அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு விரோதம். தானே போட்ட நிபந்தனையைத் தானே மீறக்கூடாது. சர்க்கார் சார்பில் இயங்குகிற விமான நிலைய ஆணையத்துக்கும் இது பொருந்தும். ஆகவே காண்டீன்காரருக்கு உரிமை கொடுத்தது தவறு!

அப்படியானால் மனுப் போட்டவருக்கு வெற்றிதானே?

இல்லை. மனு தள்ளுபடி ஆயிற்று!

அவர் ஐந்து மாதத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு வந்தார். அதற்குள் காண்டீன்காரர் சுமார் ரூ.1¼ லட்சம் செலவு செய்து ஏற்பாடுகளைச் செய்துவிட்டார். அதோடு, மனுதாரருக்கு இதில் உண்மையான அக்கறை இருந்ததா என்பதிலும் கோர்ட்டுக்குச் சந்தேகம். அங்கே முன்பு கடை நடத்தியவர் இடத்தைவிட்டுப் போக மனம் இல்லாமல் ஏற்கெனவே சிவில் கோர்ட்டு ஏறியிருந்தார். அவர் தூண்டிவிட்ட ஆளாக இருக்கலாம் என்று நீதிபதிகள் கருதினார்கள்.

சட்டம் வென்றது, மனுதாரர் தோற்றார். காண்டீன்காரர் கடையை நடத்தினார்.

செல்போனும் வந்தது வழக்கோடு

அதன் பிறகு டெண்டரில் தோற்றவர்கள் கோர்ட்டுப் படி ஏறுவது பெருகிவிட்டது. 1992-ல் சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களுக்குச் செல்போன் லைசென்சுக்காக டெண்டர் கேட்டார்கள். இடம் கிடைக்காத கம்பெனிகள் வழக்குப் போட்டன. சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு 1994 ஜூலையில்தான் வந்தது. 1995 ஜூலை 31-ந் தேதி கல்கத்தாவில் முதல் செல்போன் மணி அடித்தது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி எஸ்.மோகன். அவர் போட்ட கோடு முக்கியமானது. எந்தக் கம்பெனி நல்லது என்று தேர்ந்தெடுப்பது கோர்ட்டின் வேலை அல்ல. அதற்கு வேண்டிய தொழில் அறிவு நீதிபதிகளிடம் இல்லை. தேர்ந்தெடுத்த முறை ஒழுங்கா, பாரபட்சம் உண்டா என்று மட்டுமே பார்க்கலாம்.

சமையலை ருசி பார்ப்பதல்ல, சமைத்த பாத்திரம் சுத்தமா என்று பார்ப்பது என்று சொல்லலாம்.

2006-ல் வந்த இன்னொரு தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு கொஞ்சம் காரமாகவே பேசியது. தோற்றவர்கள் ரோஷத்தாலும் தொழில் போட்டியாலும் துரும்பைத் தூணாக்கிக்கொண்டு வருகிறார்கள். கெட்ட எண்ணமோ ஓரவஞ்சனையோ இல்லை, பொது நலனும் கெடவில்லை என்றால் கோர்ட்டு தலையிடக்கூடாது என்றது.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு "ஸ்டே" வாங்கினால் வேலை நின்றுவிடும். பாதிப் பாலம் ஆற்றின் நடுவே நிற்கும். சிமெண்டு விலை ஏறும். ஏறிய விலையை வழக்குப் போட்டவரா கொடுக்கப் போகிறார்? வரி கட்டுகிறவர்கள்தான். சாலை, பாலம் போன்ற வேலைகளைத் தாமதப்படுத்தும் தடை உத்தரவைக் கோர்ட்டுகள் போடக்கூடாது என்று 2018-ல் சட்டமே திருத்தப்பட்டது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கில் டெபாசிட் கட்டி, இரவெல்லாம் கணக்குப் போட்டு, நேர்மையாக டெண்டர் கொடுத்த சிறு காண்டிராக்டர் ஒருவர், வேலை முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டது என்று அறிந்தால் எங்கே போவார்? கோர்ட்டுக் கதவையும் சாத்திவிட்டால், அடுத்த முறை அவர் டெண்டரே போட மாட்டார். போட்டி குறையும். அதிலும் நஷ்டம் மக்களுக்கே.

பத்தே நாள்

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று பெயர். டெண்டர் முடிவினால் பாதிக்கப்பட்டவர், உத்தரவு கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் சர்க்காரிடம் அப்பீல் செய்யலாம்.

பம்பாய்க்காரர் எடுத்துக்கொண்டது ஆறு மாதத்துக்கும் மேல்!